ஹெட்டுக்குக் கொஞ்சம் சுகமில்லை

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் நேரடியாகச் செத்ததில்லை. முதலில் ‘கொஞ்சம் சுகமில்லை’ என்று செய்தி வரும். அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. அடுத்து ‘முடிந்தால் ஒருமுறை வந்து பார்க்கவும்’. அப்படியென்றால் டாக்டர் கையை விரித்துவிட்டார். கடைசியாக ‘சீரியஸ், உடனே புறப்படவும்’ என்று ஒரு தந்தி வரும். அதற்கு மேல் வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அப்பா எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்வார். அம்மா மாற்றுப் புடவையைப் பையில் வைப்பாள். தென்காசிப் பெரியப்பா ‘சீரியஸ்’ ஆனபோது நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, பந்தலைக்கூடப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். (தந்தி கொடுத்த அத்தான் அப்போதும், “இப்பத்தான், செத்த முன்னாடி” என்றார்.)

மலையாள நாட்டில் தமிழர்கள் குடியிருக்கும் எங்கள் வலியசாலைத் தெருவில் இதற்குப் பக்குவமாகச் சொல்வது என்று பெயர். பக்குவமாகச் சொல்லத் தெரியாத பெண்ணுக்கு வாய்த்துடுக்கு என்று பெயர். நான் பக்குவமான பெண். எவ்வளவு பக்குவம் என்றால், நான் அதைக் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்தேன். அதன் பலனாக ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மெஷின், எங்கள் ஊர்த் தம்பானூரில், பெரிய மனிதர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிரை விட்டது.

இது நடந்தது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆன சமயம். எம்.சி.ஏ. முடித்த கையோடு, ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ரூம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வழி தெரியாமல் எங்கள் ரிசப்ஷனுக்கு வந்து நின்று, “ஏசி உண்டோ?” என்பார்கள். ஏசி எங்களிடம்தான் இருந்தது. லாட்ஜில் இல்லை.

அப்பா அரசாங்க ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். பெண்ணாகப் பிறந்தவளுக்கு பி.எட். என்பது குடை மாதிரி, மழை வந்தாலும் வராவிட்டாலும் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வேலைக்கு அனுப்பும்போதே சொல்லிவிட்டார்.

“ஒரு வருஷம் பாரு, விஜி. அவா கன்ஃபர்ம் பண்ணினா சந்தோஷம், போயிண்டிரு. பண்ணலைன்னா பேசாம பி.எட்.ல சேர்ந்துடணும். அப்ளிகேஷன் வாங்கி வெச்சாச்சு, கேட்டயா?”

எனக்கு பி.எட். மேல் எந்தப் பகையும் இல்லை. ஆனால் நான் எழுதிய நாலு வரியைக் கேட்டு ஒரு இரும்புப் பெட்டி ‘கிர்ர்’ என்று அசைந்து ஒரு டிக்கெட்டைத் துப்பியதைப் பார்த்த நாளில் இருந்து, வேறு எந்த வேலைக்கும் நான் லாயக்கில்லாமல் போய்விட்டேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. முதல் டிக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி அலமாரியில் வைத்தேன். (அம்மா அதை அர்ச்சனைச் சீட்டு என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.) ஆகவே கன்ஃபர்மேஷன் என்ற அந்த ஒரே ஒரு காகிதம் வராவிட்டால் நான் தொலைந்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஒரு கம்பெனி, பஸ் ஸ்டாண்டுகளில் டிக்கெட் அடிக்கும் மெஷின் செய்தது. அந்த மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நிற்கிற டிரைவர் என்ற புரோகிராமை எழுதுவது எங்கள் பொறுப்பு. கல்யாணத் தரகர் உத்தியோகம்தான். கம்ப்யூட்டர் சொல்வது மெஷினுக்குப் புரியாது, மெஷின் முனகுவது கம்ப்யூட்டருக்குக் கேட்காது, இரண்டு பக்கமும் டிரைவர்தான் போய்ப் பேச வேண்டும். ஏதாவது தகராறு என்றால் ‘லாக்’ என்ற ஃபைலில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். வரிக்கு முன்னால் அதன் தரத்தையும் போட வேண்டும். சும்மா தகவல் என்றால் ‘இன்ஃபோ’. கொஞ்சம் கவனி என்றால் ‘வார்னிங்’. கெட்டுப்போச்சு என்றால் ‘எரர்’. இனிமேல் பிழைக்காது என்றால் ‘ஃபேட்டல்’. எங்கோ ஒரு பஸ் ஸ்டாண்டில் மெஷின் நின்றுபோனால், ரிப்பேர் பார்க்க வருகிறவனுக்கு அந்த வரிகளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

எனவே எதற்கு எந்தத் தரம், எப்படிப்பட்ட வார்த்தை என்று எல்லோரும் முதலிலேயே உட்கார்ந்து ஒரு முறை வகுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கம்பெனியில் அப்படி ஒன்று இல்லை. இல்லை என்ற விஷயமே எங்களுக்குத் தெரியாது. மூன்று பேர் எழுதினோம். மூன்று பேரும் அவரவர் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதினோம்.

எங்களுக்கு லீடாக இருந்தவர் செல்வின் சார். பாறசாலைப் பக்கத்துத் தமிழர். நிறைய அண்ணன் தம்பிகளோடு, சத்தம் போடாதவனுக்கு மீன் துண்டு கிடைக்காத வீட்டில் வளர்ந்தவர். மெஷினின் மூடி, மோட்டார், மொத்தக் கட்டுப்பாடு எல்லாம் அவர் பகுதி. மூடி ஒரு நூல் அளவுக்குத் திறந்திருந்தால் போதும், முழுக்கப் பெரிய எழுத்தில் ‘ஃபேட்டல்: சர்வ நாசம், மூடி திறந்திருக்கிறது’ என்று லாக் வரும். (நாங்கள் எழுதியது இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சும் என்பதால் தமிழில் சொல்கிறேன்.)

“மூடிக்குப் போய் சர்வ நாசமா, சார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பின்ன? மெதுவா சொன்னா எவன் திரும்பிப் பாக்கப் போறான்? நாலு சத்தம் போட்டாத்தான் ஆளு வருவான், மனசிலாச்சா?” என்றார்.

அடுத்தவன் அனில். என் வயதுக்காரன், காலேஜில் யூனியன் செக்ரட்டரியாக இருந்தவன். மலையாளத்தில்தான் பேசுவான். கேபிள் இணைப்பு அவன் பகுதி. கேபிள் கழன்றால் அவனுடைய லாக் இப்படி வரும்: ‘எரர்: யாரோ கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள். இதற்கு டிரைவர் பொறுப்பல்ல. ஹார்ட்வேர் பிரிவின் தொடர்ந்த அலட்சியத்தையே இது காட்டுகிறது.’ எந்தக் கேபிள் என்று அதில் இருக்காது. கேட்டால், “அதை அவர்கள் விளக்கட்டும். தப்பு நம்முடையது அல்லல்லோ” என்பான்.

காகிதமும் பிரிண்ட் ஹெட்டும் என் பகுதி. ஹெட் என்பது மெஷினின் உயிர். அது சூடாகித்தான் காகிதத்தில் எழுத்து விழும். அளவுக்கு மீறிச் சூடானால் கருகிவிடும். அதன் சூட்டைக் கவனித்து, மீறும்போது சொல்ல வேண்டியவள் நான். சொல்லவும் சொன்னேன், என் பாணியில். காகிதம் தீர்ந்துபோனால் ‘இன்ஃபோ: காகிதம் கொஞ்சம் கிடைத்தால் உதவியாக இருக்கும்’ என்று எழுதியிருந்தேன். ஹெட்டுக்கு எழுதியதைப் பிறகு சொல்கிறேன், அதற்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும். எல்லாமே இன்ஃபோதான். எரர் என்று போட எனக்குக் கையே வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் மெஷினைப் பார்த்து, எடுத்த எடுப்பில் ‘கெட்டுப்போச்சு’ என்று எப்படிச் சொல்வது? அவர்கள் மனசு என்ன பாடுபடும்?

இதில் இன்னொரு அழகு இருந்தது. எந்தப் பகுதியில் இருந்தாவது ‘எரர்’ வந்தால் அச்சடிப்பதை உடனே நிறுத்தும்படி செல்வின் சார் எழுதியிருந்தார். ‘ஃபேட்டல்’ வந்தால் நிறுத்தாது. அவருடைய ஃபேட்டலுக்கெல்லாம் நின்றால் மெஷின் ஒரு டிக்கெட்கூட அடிக்காது என்பதால், ஃபேட்டலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓடும்படி அவரே ஏற்பாடு செய்துவிட்டார். ‘இன்ஃபோ’வோ திரையில் வரவே வராது, ஃபைலுக்குள் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆக, எங்கள் மெஷின் நிற்க வேண்டுமென்றால் அனில் யார் மேலாவது குற்றம் சொல்ல வேண்டும். வேறு வழியே கிடையாது.

இந்த லட்சணத்தில், டிரைவரைப் பரீட்சித்துப் பார்க்க ஜெர்மன் கம்பெனியில் இருந்து க்ளாவ்ஸ் என்ற நெட்டை இன்ஜினீயர், கையோடு ஒரே ஒரு மாதிரி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் எம்.டி. கல்ஃபில் இருந்து திரும்பிய மலையாளி, நல்ல மனிதர், எதையும் விமரிசையாகச் செய்வார். கான்ஃபரன்ஸ் ரூமுக்குப் புதுக் கார்ப்பெட் போட்டார். நிலவிளக்கு ஏற்ற வைத்தார். தட்டு தட்டாக ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்தான்) வந்தது. டெஸ்ட் முடிந்த கையோடு எல்லோரும் பொன்முடி மலைக்குப் போக ஒரு பெரிய வண்டியும் பேசியிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இது பாஸ் ஆனால் இன்றைக்கே உன் லெட்டரில் கையெழுத்து” என்றார். எனக்கு அப்பாவின் முகம் கண் முன்னால் வந்தது. மெஷினை நமஸ்காரம் செய்யாத குறைதான்.

க்ளாவ்ஸ் மெஷினைத் திறந்து காட்டினார். “சூடு மீறினால் தானாக நிற்கிற ஏற்பாடு அடுத்த மாடலில்தான் வரும். இதில் ஹெட்டை டிரைவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். யாருடைய பொறுப்பு?” என்று இங்கிலீஷில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படியாகத் தலையை ஆட்டினேன்.

டெஸ்ட் ஆரம்பித்தது. மெஷின் நிறுத்தாமல் டிக்கெட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், லாக் பெரிய திரையில் ஓடும். முதலில் எல்லாம் பிரமாதமாகப் போயிற்று. எம்.டி. வெளியே விழுந்த டிக்கெட்டுகளைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். ஓடுகிற அதிர்வில் மெஷினின் மூடி லேசாக ஆட ஆரம்பித்தது. அவ்வளவுதான். திரை முழுக்க ‘சர்வ நாசம், சர்வ நாசம், சர்வ நாசம்’ என்று பெரிய எழுத்தில் கொட்டத் தொடங்கியது.

எம்.டி.யின் முகம் வெளுத்துவிட்டது. “செல்வினே, எந்தா இது?”

“ஒண்ணும் இல்ல சார், மூடி. வெப்ராளப்படாதீங்க” என்று செல்வின் சார் ஓடிப்போய் மூடியை அழுத்திப் பிடித்தார். அப்போதும் சர்வ நாசம் நிற்கவில்லை. எம்.டி.யும் ஒரு பக்கம் பிடித்தார். அனில் அலமாரியில் இருந்து கனமான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மூடி மேல் வைத்தான். சர்வ நாசம் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டோம். மெஷின்தான் மூச்சு விட முடியாமல் போயிற்று. உள்ளே இருந்த சூடு வெளியேற இருந்த ஒரே இடுக்கை இரண்டு பெரியவர்களும் ஒரு புத்தகமும் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்த டிக்கெட்டுகள் கருக்க ஆரம்பித்தன. எழுத்து கறுப்பாயிற்று, அப்புறம் எழுத்தைச் சுற்றிப் பழுப்பாயிற்று. எம்.டி. ஒன்றை எடுத்துக் காட்டி க்ளாவ்ஸிடம் பெருமையாக, “பார்த்தீர்களா, போகப் போக எவ்வளவு தெளிவு” என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு கருகல் வாசனை. “கீழே லாட்ஜ் அடுக்களையில் ஏதோ அடிபிடித்திருக்கு” என்று அனில் மலையாளத்தில் சொல்லி, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். நானும் அப்படித்தான் நம்பினேன். என் பகுதியில் இருந்து திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லையே, பிறகு என்ன கவலை?

புத்தகத்துக்கு அடியில் இருந்து புகை வந்தபோதுதான் க்ளாவ்ஸ் பாய்ந்தார். அந்த உயரத்துக்கு அவ்வளவு வேகமாக ஒரு ஆள் பாய்ந்து நான் பார்த்ததில்லை. ஒரே இழுப்பில் மெஷினில் இருந்த எல்லாக் கேபிளையும் பிடுங்கினார். மெஷின் நின்றது. அப்போது திரையில் ஒரு வரி நிதானமாக வந்து விழுந்தது. ‘எரர்: யாரோ கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள். இதற்கு டிரைவர் பொறுப்பல்ல.’

க்ளாவ்ஸ் அதை ஒருமுறை படித்தார். கையில் இருந்த கேபிளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து லாக் ஃபைலைத் திறந்து, ஒளிந்திருந்த என்னுடைய வரிகளை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டு, ஒரு ஜட்ஜ் தீர்ப்பு வாசிக்கிற குரலில் வாசித்தார்.

‘இன்ஃபோ: ஹெட்டுக்குக் கொஞ்சம் சுகமில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.’

‘இன்ஃபோ: ஹெட்டை முடிந்தால் ஒருமுறை வந்து பார்க்கவும்.’

‘இன்ஃபோ: ஹெட் சீரியஸ். உடனே புறப்படவும்.’

இதற்குப் பின்னும் ஒரு வரி இருந்தது. சூட்டை அளக்கிற கருவியில் இருந்து பதிலே வராவிட்டால் என்ன எழுதுவது என்று யோசித்து, அதையும் மனசு நோகாமல் எழுதியிருந்தேன். க்ளாவ்ஸ் அதையும் வாசித்தார்.

‘இன்ஃபோ: ஹெட் இப்போது அமைதியாக இருக்கிறது.’

கார்ப்பெட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள முடியுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, “இதை யார் எழுதியது?” என்று கேட்டார்.

“கொஞ்சம்… நான்தான்” என்றேன். (அப்போதும் கொஞ்சம்.)

“உடனே புறப்படவும் என்று இருக்கிறதே. யார் புறப்பட வேண்டும்? எங்கிருந்து? எங்கே வந்து, என்ன செய்ய வேண்டும்?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும், தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளத்தான். அதை ஒரு ஜெர்மன்காரருக்கு எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை. செல்வின் சார் என்னைப் பார்த்து, “இது என்ன எளவு எழுத்து, சாவு வீட்டுக்கு ஆள் விட்ட மாதிரி” என்று பல்லைக் கடித்தார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

இத்தனைக்கும் பிறகு நாங்கள் பொன்முடிக்குப் போனோம். வண்டி வந்து கீழே நின்று ஹாரன் அடித்தது, வேண்டாம் என்று அதனிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. க்ளாவ்ஸ் முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் ரப்பர் மரங்களைப் பற்றி ஆவலாக விசாரித்தார். நாங்கள் பின்னால் துக்கத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். உப்பேரிப் பொட்டலம் என் மடியில் பிரிக்கப்படாமல் இருந்தது. கல்லாறு வந்ததும் சாயா குடிக்க வண்டி நின்றது.

கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு க்ளாவ்ஸ் சொன்னார்: “நேராகச் சொல்கிறேன். இன்றைய டெஸ்ட் ஃபெயில். கான்ட்ராக்ட் ரத்தாகவில்லை. லாக் எழுத உங்கள் மூவருக்கும் ஒரே முறை வேண்டும். அதை முதலில் எழுதுங்கள், அதன்படி டிரைவரைத் திருத்துங்கள். புது மெஷினோடு நான் திரும்ப வருவேன், மறுபடியும் டெஸ்ட் செய்வோம்.” அவ்வளவுதான். சாயாவைக் குடித்து முடித்தார், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுப் பாறைகளின் மேல் நடக்கப் போய்விட்டார்.

நாங்கள் நால்வரும் வட்டமாக நின்று, அவர் என்ன சொன்னார் என்று ஆராயத் தொடங்கினோம்.

“ரத்தாகவில்லை என்றால் ரத்தாகிவிட்டது என்றுதானே?” என்றார் எம்.டி.

“சந்தேகமே வேண்டாம் சார். திரும்ப வருவேன்னு சொல்லிட்டுப் போன எவன் வந்திருக்கான்?” என்றார் செல்வின் சார்.

“ஒரே முறை வேண்டும் என்றது கண் துடைப்பு. அவர்கள் வேறு கம்பெனியை முன்னாலேயே முடிவு செய்தாச்சு. இது சதி” என்றான் அனில், மலையாளத்தில்.

நானும் என் பங்குக்கு, “நேராச் சொல்றேன்னு ஆரம்பிச்சாரே, அதுதான் எனக்கு பயமா இருக்கு” என்றேன். படித்த மனிதர்கள் நாலு பேர், தெளிவாகச் சொன்ன நாலு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அர்த்தம் புரியாமல் ஆற்றங்கரையில் தவித்தோம். அந்த மனிதர் சொன்னது அந்த மனிதர் சொன்னதுதான் என்ற சாத்தியம் மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எம்.டி. கொஞ்சம் தனியாக நின்றபோது மெல்லப் போய், “சார், என் கன்ஃபர்மேஷன்…” என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்தபடி, “அது நமக்குப் பின்னே நோக்காம், விஜி. இப்போ சாயா குடிக்கூ” என்றார். அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன என்று வலியசாலைப் பெண்ணுக்கா சொல்ல வேண்டும்? அழக்கூடாது என்று சூடு ஆறாத சாயாவை மடக்கென்று குடித்து, நாக்கையும் பொசுக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஈசிசேரில் இருந்து நிமிர்ந்தார்.

“வா, வா. டெஸ்ட் என்ன ஆச்சு? லெட்டர் குடுத்தாளா?”

“மெஷினுக்குக் கொஞ்சம்…” என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. அப்படியே நிறுத்தினேன். யார், எங்கிருந்து, எங்கே வந்து, என்ன செய்ய வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டது காதில் இருந்தது. எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் செய்யாததைச் செய்தேன்.

“கன்ஃபர்ம் பண்ணலை, அப்பா. மெஷின் எரிஞ்சுபோச்சு. தப்பு என்னோடது. சூடு ஏறினதை நான் ஒழுங்காச் சொல்லலை. சரி பண்ண இன்னொரு தடவை சான்ஸ் உண்டுன்னு அந்த ஜெர்மன்காரர் சொல்றார். நீங்க விட்டா நாளைக்கும் வேலைக்குப் போவேன்.”

உள்ளே அம்மாவின் கையில் இருந்து கரண்டி விழுந்தது. “பெத்தவா கிட்ட இப்படியா பட்டுனு போட்டு உடைப்பா ஒருத்தி?” என்று சமையலறையில் இருந்து குரல் வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“அப்பறம் அந்த பி.எட்…” என்றார்.

“தெரியும். அப்ளிகேஷனைக் கொண்டாங்கோ, எழுதிக் குடுக்கறேன்.”

“அதுதான்… அது கொஞ்சம்…”

“அப்பா.”

அவர் கண்ணாடியை மடித்துக் கீழே வைத்தார். “கடைசித் தேதி போயிடுத்து, விஜி. போன மாசமே. நான் மறந்தே போயிட்டேன். ஒன் வாழ்க்கையைப் பாழ் பண்ணிட்டேனோன்னு தினம் ராத்திரி மனசு அடிச்சுக்கறது. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்.”

ஒரு மாதமாக அந்த மனிதர் தினமும் காலையில் என்னிடம், “பி.எட். விஷயம் பாத்துண்டிருக்கேன், நீ கவலைப்படாதே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு முதலில் ரோஷம், பிறகு அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். “நாளைக்குப் போடி. போய் ஒழுங்காச் சொல்லிட்டு வா” என்றார்.

லாக் எழுதும் முறையை வகுக்க ஆபீசில் ஒரு கமிட்டி போட்டார் எம்.டி. எங்கள் ஊரில் கமிட்டி போட்டால் அது லேசில் எழுந்திருக்காது. ‘கொஞ்சம்’, ‘முடிந்தால்’ போன்ற சொற்கள் எனக்குத் தடை செய்யப்பட்டன. ‘சர்வ நாசம்’ செல்வின் சாருக்கு. ‘பொறுப்பல்ல’ அனிலுக்கு, அவன் அதை எதிர்த்துத் தனியாக ஒரு மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தான். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: தரம், இடம், என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும். இதற்கு இவ்வளவு நாள் ஆனதற்கு வெட்கப்பட வேண்டும், நாங்கள் கேக் வெட்டினோம். க்ளாவ்ஸ் சொன்ன மாதிரியே திரும்பி வந்தார். (செல்வின் சாருக்கு அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.) ஹெட் சூடானது, ‘எரர்’ என்று என் வரி திரையில் வந்தது, மெஷின் நின்றது. மெஷின் நின்றதற்காகக் கை தட்டியவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். லெட்டரும் வந்தது.

கமிட்டியின் முறையை ஆபீசை விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது எங்கள் வீடுதான். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. அம்மா ரசத்தில் உப்பு கூடிப்போனால், “வார்னிங், இடம் ரசம்” என்று அப்பா சத்தம் கொடுப்பார். பிறகு சொந்தக்காரர்களுக்கும் பரவியது. இப்போது தென்காசியில் இருந்து யார் போன் செய்தாலும் முதலில் தரத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறார்கள். எனக்குக் கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்த பிறகு செல்வின் சார் எங்கள் வீட்டுக்கு என்னைவிட அடிக்கடி போகிற மனிதர் ஆகிவிட்டார், அப்பாவுக்கும் அவருக்கும் தரம் போடுவதில் மட்டும் ஓயாத சண்டை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலை, ஆபீஸ் கிளம்பும்போது அப்பாவிடமிருந்து போன்.

“விஜி. எரர். இடம் பாத்ரூம். வழுக்கி விழுந்துட்டேன். இடது கை ஒடிஞ்சுடுத்து. ஆஸ்பத்திரிக்குப் போயி மாவுக்கட்டுப் போட்டாச்சு, வலி இருக்கு, மத்தபடி நன்னா சாப்பிடறேன். நீ என்ன பண்ணணும்னா, சனிக்கிழமை வந்தாப் போறும்.”

“எரர்தானே, அப்பா? வேற ஒண்ணும் இல்லையே?”

“எரர்தாண்டி. செல்வினுக்கு மட்டும் சொல்லிடாதே, கேட்டயா? அவன் ஃபேட்டல்னு போட்டு ஊரையே கூட்டிடுவான்.”

நான் சனிக்கிழமை வண்டிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்.